சூசையின் காலுக்கு ஒரு சாண் சிரை

போன மாதம் ஆமினா என்னைப் பார்க்க வந்திருந்தாள். நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தபோது என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது வேறு ஊரில், உறுப்பு மாற்று அறுவை செய்யும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"சிஸ்டர், நாங்க இப்ப கணையம் மாத்துதோம். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு."

"அதுல என்ன பெரிய கஷ்டம்?"

"ரத்தக்கட்டுதான் சிஸ்டர். சிறுநீரகம்னா ரத்தம் ஆறு மாதிரி பாயும். கணையத்துக்குள்ள மெதுவாத்தான் போகும். மெதுவாப் போனா உறையும். முதல் ரெண்டு மூணு நாளைக்குள்ள சிரை அடைச்சிச்சுன்னா அம்புட்டுதான், உறுப்பையே எடுத்துரணும்."

அதைத் தடுக்க அவர்கள் செய்வதையெல்லாம் விரல்விட்டுச் சொன்னாள். உறுப்பை ஐஸ் மேல் வைத்தே சுத்தம் செய்து, அதற்குப் போகும் இரண்டு தமனிகளையும், கொடையாளியிடமிருந்தே எடுத்த கவட்டை போன்ற ஒரு தமனியோடு சேர்த்து ஒரே வாயாக்கிவிடுவார்களாம். சிரையை நீளமாக விட்டால் மடங்கும் என்று குட்டையாகவே வைப்பார்களாம். நோயாளியின் சிரையைச் சுற்றிலும் விடுவித்து மேலே கொண்டுவந்தால் இரண்டும் இழுபடாமல் சேருமாம். பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து. பிறகு தினமும் ஒலிக்கருவி வைத்து ரத்தம் ஓடுகிறதா என்று கேட்பது.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏது சிஸ்டர்?" என்றாள்.

"கணையம்தான் கிடையாது. ரத்தக்கட்டு இருந்துச்சு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, அதை எழுதிக் கொடுங்கள், எங்கள் தியேட்டர்ப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டு போனாள். கேட்டது அவள். எழுதி முடிக்காவிட்டால் போன் செய்து என்னைத் தூங்க விடமாட்டாள்.

நான் நாசரேத்துக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண்பிள்ளைகளுக்கு டீச்சர் வேலை அல்லது நர்ஸ் வேலை என்று இரண்டு வாசல் திறந்திருந்த வீடு அது. அக்கா முதல் வாசலில் போனாள். எனக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுவதற்குப் பயமாக இருந்ததால் இரண்டாவதில் நுழைந்தேன். மூன்றரை வருஷம் பயிற்சி. படுக்கை விரிப்பு மடிப்பதில் பாதியும், திட்டு வாங்குவதில் மீதியும் கழிந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். கல்லும் கம்பியும் ஏற்றிய லாரிகள் போய்வந்தபடி இருக்கும். அறுந்த கை, நசுங்கிய கால் என்று எங்களுக்கும் வேலை ஓயாது.

அங்கேதான் டாக்டர் சடகோபன் இருந்தார். ஆழ்வார்திருநகரிக்காரர். நெற்றியில் மெல்லிய சிவப்புக்கோடு, அதன் மேல் தியேட்டர்த் தொப்பி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் ரத்தக்குழாய் தைக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். மற்ற டாக்டர்களுக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோல் பறக்கும். இவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "கிரேஸ், அதைக் கொடும்மா" என்பவர், "சிஸ்டர் அவர்களே, தயவுசெய்து அதைக் கொடுக்கிறீர்களா?" என்றாரானால் எங்களுக்கு வியர்த்துவிடும்.

நான் சேர்ந்த முதல் வருஷம் உப்பளத்துத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முழங்கைக்கு மேல் தமனி அறுந்திருந்தது. டாக்டர் தைத்தார். மணிக்கட்டில் நாடி வந்தது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் கை சில்லிட்டு வெளுத்திருந்தது. திறந்து பார்த்தால் தையல் போட்ட இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி, குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவோ பார்த்தும் கையைக் காப்பாற்ற முடியவில்லை. கை போனதும் அந்த மனிதர் டாக்டரிடம், "நீங்க என்ன செய்வீங்க சாமி, நல்லாத்தான் தச்சீங்க" என்று ஆறுதல் சொன்னார். டாக்டர் எழுந்து வெளியே போனார்.

அந்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"கிரேஸ், உனக்கு மார்க்கெட்ல கறிக்கடை யாரையாவது தெரியுமோ?"

நான் திகைத்துப்போனேன். ஐயங்கார் டாக்டர் கறிக்கடை விசாரிக்கிறாரே!

"தெரியும் சார். எதுக்கு?"

"ஆட்டோட கழுத்துல ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய் ஓடும். அது வேணும். நான் நேரா போய் நின்னா நன்னா இருக்காது."

சனிக்கிழமை காலைகளில் நான் கறிக்கடை பாய் முன்னால் போய் நின்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கறி வேண்டாம், ஈரல் வேண்டாம், இந்தக் குழாய் மட்டும் போதுங்கியளே. இதுல என்னம்மா வைப்பீங்க, சூப்பா?"

"இல்ல பாய், தைப்போம்."

"தைப்பீங்களா!" என்றவர் அதன் பிறகு கேள்வியே கேட்கவில்லை. என்னைக் கண்டதும் பொட்டலத்தை எடுத்து நீட்டிவிடுவார். பக்கத்துக் கடைக்காரரிடம் தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காண்பித்ததை நான் ஒரு தடவை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறை. அங்கே சனிக்கிழமை மத்தியானம் தையல் வகுப்பு. டாக்டர் அந்தப் பொட்டலத்தை அதன் பெயர் சொல்லிக் குறிப்பிடவே மாட்டார். "மாதிரி வந்துடுத்தா?" என்பார். வகுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரிக் குழாயடியிலேயே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். அவர் வீட்டு மாமிக்கு இந்த விஷயம் கடைசிவரை தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த அறையில்தான் ரத்தக்கட்டைப் பற்றி நான் படித்தேன். டாக்டர் சொல்வது இதுதான்: "ஓடற ரத்தம் சுலபத்துல உறையாது. நின்னா உறையும். அது எங்கெல்லாம் நிக்கும்? சொரசொரப்பு இருந்தா நிக்கும், மடிப்பு இருந்தா நிக்கும், குறுகல் இருந்தா நிக்கும். நம்ம தையல்ல இந்த மூணும் இருக்கப்படாது."

சொன்னது சுருக்கம். செய்வதற்கு எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

முதலில், அறுந்த முனையைக் கூச்சம் பார்க்காமல் வெட்டிவிட வேண்டும். நசுங்கிய ஓரத்தைச் சேர்த்துத் தைத்தால் நிச்சயம் அடைக்கும். உட்சுவர் முத்துச்சிப்பியின் உள்பக்கம்போல வழவழவென்று பளபளக்கும் இடம்வரை வெட்டுவார். அடுத்து, குழாயின் மேல் சல்லடைத் துணிபோல ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தை உரித்து விலக்குவார். அதன் ஓர் இழை உள்ளே தொங்கினாலும் ரத்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். உட்சுவரை இடுக்கியால் தொடவே கூடாது. ரத்தத்தை நிறுத்தப் போடும் கவ்விகள் இரும்பு. அவை குழாயை நசுக்கிவிடுமே என்று யோசித்து, சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி வெட்டி, கவ்வியின் இரண்டு தாடைகளுக்கும் சட்டை மாட்டினோம். கொதிக்க வைத்தாலும் அந்த ரப்பர் தாங்கியது.

தைப்பது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த பட்டு நூலில். அதைச் சுத்தம் செய்த பாரஃபின் எண்ணெயில் நனைத்துத் தரவேண்டியது என் வேலை. காய்ந்த நூல் சுவரை அறுக்கும், எண்ணெய் பட்ட நூல் வழுக்கிக்கொண்டு போகும். வட்டமான வாயில் சம தூரத்தில் மூன்று தையல் போட்டு மூன்று பக்கமும் மெல்ல இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் தைத்துக்கொண்டு போகலாம். எதிர்ச்சுவரைச் சேர்த்துக் குத்திவிடும் பயம் இல்லை. ஓரங்கள் வெளிப்பக்கமாக மடங்க வேண்டும். உட்சுவரும் உட்சுவரும் முத்தமிட வேண்டும் என்பார். அதைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக்கொள்வார்.

தைத்து முடித்ததும் நீல மை கலந்த தண்ணீரை ஊசியால் ஏற்றுவோம். கசிந்தால் தோல்வி. கசியாவிட்டால் குழாயை நெடுக வெட்டித் திறந்து, கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டும் வில்லையை மாட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பார். உட்சுவரில் நூல் தெரிந்தால் அதுவும் தோல்வி. "சிஸ்டர் அவர்களே, இந்த ஆடு பிழைக்காது" என்பார். ஏற்கெனவே கறிக்கடையில் செத்த ஆடுதானே என்று நான் ஒரு தடவை முணுமுணுத்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்து வில்லை கண்ணிலிருந்து கீழே விழுந்தது.

இனி சூசைக்கு வருகிறேன்.

புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணிக்குள் இருக்கும். ஆஸ்பத்திரி முற்றத்துக்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தது. வேம்பாரிலிருந்து கடற்கரை ரோட்டில் வரும் முழு பஸ், அறுபது பேருக்குக் குறையாத பயணிகளோடு. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "டாக்டரைக் கூப்பிடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று கத்தினார். நான் ஓடினேன்.

பஸ்ஸின் நடைபாதையில், மீன்கூடைகளுக்கு நடுவே, ஒருவர் மல்லாந்து கிடந்தார். கீழவைப்பாரைச் சேர்ந்த சங்கு குளிப்பவர். பெயர் சூசை, வயது முப்பது இருக்கும். இடது தொடையின் கீழ்ப்பகுதி சேலைத் துணியால் சுற்றப்பட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி அவர் இடுப்பின் மேல் ஏறி உட்காராத குறையாக, கவட்டில் முஷ்டியை ஊன்றி முழு எடையையும் கொடுத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். நான் வேம்பாருக்காரி. மீன் விக்கப் போறவ. கீழவைப்பார்ல ஏத்துனாவ. படகைத் தள்ளும்போது இன்ஜின் விசிறி காலுல அடிச்சிட்டாம். ரத்தம் பீச்சுது. எங்கன அமுக்குனா நிக்குதுன்னு தடவிப் பாத்தேன், இங்கன அமுக்குனா நின்னுச்சு. அதுல இருந்து கையை எடுக்கல." மூச்சு வாங்கியது. "ஏளா, நீ பேசிக்கிட்டு நிக்காத. எனக்குக் கை மரத்துப் போச்சு."

அவள் பெயர் மரியபுஷ்பம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வந்திருக்கிறாள். வழியில் ஒரு நிறுத்தத்தில்கூட பஸ் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் யாரும் இறங்கவும் கேட்கவில்லை.

அவளையும் சூசையையும் பிரிக்காமல் அப்படியே ஸ்ட்ரெச்சரில் தூக்கினோம். டாக்டர் சடகோபன் வந்து பார்த்தார். மீன் வாசனைக்கு முகம் சுளிக்கவில்லை. குனிந்து, "அம்மா, பெரிய உபகாரம் பண்ணியிருக்கேள். இன்னும் கொஞ்ச நேரம். நான் சொல்றப்போதான் கையை எடுக்கணும்" என்றார்.

"நீரு சொல்லாம எடுக்க மாட்டேன்" என்றாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், மெழுகு மாதிரி இருக்கு. உயிரைப் பார்ப்போம், காலை எடுத்துரலாமே?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ரத்தம் போகாத கால் ஆறு மணி நேரம்தான் தாங்கும். அடிபட்டது ஏழு மணிக்கு.

"ஒரு மணி வரைக்கும் எனக்குக் கொடுங்கோ. அதுக்கப்புறம் எடுக்கறதுக்கு யார் கையும் போதும்" என்றார் டாக்டர்.

ரத்தம் வேண்டும் என்று முற்றத்தில் போய்ச் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இருபது பேருக்கு மேல் இறங்கி வரிசையில் நின்றார்கள். டிரைவர் அண்ணாச்சி முதல் ஆள். சட்டைக்கையை மடக்கிக்கொண்டே, "நாங்க கொடுத்துட்டு பஸ்ஸை எடுக்கோம், நீங்க உள்ள போங்கம்மா" என்றார்.

தியேட்டரில் மரியபுஷ்பத்தின் முஷ்டியைச் சுற்றியே அயோடின் தடவினோம். டாக்டர் தன் விரல்களை அவள் கைக்குப் பக்கத்தில் இறக்கி, தமனியைப் பிடித்துக்கொண்டு, "இப்போ எடுக்கலாம்" என்றபோது அவளால் விரல்களை விரிக்க முடியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

தொடைத் தமனி நாலு விரற்கடை நீளத்துக்கு நார்நாராகக் கிழிந்திருந்தது. நசுங்கியதை வெட்டியெறிந்தால் இரண்டு முனையும் எட்டாது. இழுத்துத் தைத்தால் குறுகும். ஆகவே வலது காலிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சிரை எடுத்தார், நடுவில் வைத்துத் தைக்க.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காலின் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. ரத்தத்தை மேலே போக விடும், கீழே இறங்க விடாது. தமனியிலோ ரத்தம் கீழே இறங்க வேண்டும். அதனால் சிரையை எடுத்தால் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். கீழ்முனை மேலே வரவேண்டும். அதற்காகக் கீழ்முனையில் ஒரு கறுப்பு நூலைக் கட்டி, ஹெப்பாரின் கலந்த உப்புநீர்க் கிண்ணத்தில் மிதக்க வைத்து, அதைக் காவல் காப்பது என் பொறுப்பு.

நான் நூல் கட்டினேன். கிண்ணத்தில் விட்டேன். டாக்டர் சூசையின் இடது கால் விரல்களிலிருந்து முழங்கால்வரை ரப்பர்ப் பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்து, கீழே தங்கியிருந்த ரத்தக்கட்டுகளைத் தமனியின் வாய் வழியே பிதுக்கி வெளியேற்றினார். கறுத்த புழுக்களைப்போல இரண்டு வந்து விழுந்தன. அவர் கேட்ட ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கிண்ணத்தின் அடியில் கறுப்பு நூல் தனியாகக் கிடந்தது. முடிச்சு நழுவிவிட்டது.

சிரை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருந்தன.

டாக்டர் தலையைத் தூக்காமலேயே கையை நீட்டினார். "கீழ்முனை."

சற்று மெலிந்ததாகத் தோன்றிய முனையை அவர் இடுக்கியில் வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஐம்பது வருஷமாக யோசித்திருக்கிறேன். கடிகாரம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. இரண்டு வருஷமாக அவர் கேட்டதற்கு 'தெரியாது' என்று நான் சொன்னதே இல்லை. அந்தப் பெருமைதான் வாயைக் கட்டியது.

மேல் தையல் முடிந்தது. கீழ்த் தையல் முடிந்தது. ஒவ்வொரு குத்தும் ஆட்டுக் குழாயில் பழகியதுபோலவே விழுந்தது. மணி பதினொன்றே கால். கீழ்க்கவ்வியை முதலில் எடுத்தார், பிறகு மேல்கவ்வி. ரத்தம் பாய்ந்து வந்தது. சிரையின் மேல்பாதி உப்பித் துடித்தது. நடுவிலிருந்து கீழே நனைந்த ரிப்பன்போலத் தட்டையாகவே கிடந்தது.

வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றினார். காத்திருந்தார். அசைவில்லை.

"கீழ்த் தையல்ல கட்டி சேர்ந்திருக்கு போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கீழ்த் தையலைப் பிரிக்கக் கத்தரியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"சார்."

"ம்?"

"நூல் கழண்டு போச்சு சார். கீழ்முனை எதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. அனுமானத்துல கொடுத்துட்டேன்."

டாக்டரம்மா பிடித்திருந்த மூச்சுப் பை மட்டும் ஏறி இறங்கியது. 'சிஸ்டர் அவர்களே' வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எப்போ கழண்டது?"

"நீங்க வாங்குறதுக்கு முன்னாலயே."

"சரி. இப்போ சொன்னியே, அரை மணி மிச்சம். அதே கால்ல இன்னும் கீழே இன்னொரு துண்டு எடுக்கலாம். இந்தத் தடவை நூலை நம்ப வேண்டாம், சிரையையே கேட்டுடுவோம்."

தைத்ததை வெட்டி எடுத்தார். கதவுக்கு மேலே மெத்தென்று ஒரு கட்டி அதற்குள் சேர ஆரம்பித்திருந்தது. ரத்தம் ஒரு தடவை நின்று உறைந்த குழாயை மறுபடி உபயோகிக்கக் கூடாது என்று அதை ஒதுக்கினார். புதுத்துண்டு எடுத்ததும் ஊசிக்குழாயில் ஹெப்பாரின் நீரை நிரப்பி என் கையில் கொடுத்தார்.

"ஒரு முனையிலே ஏத்து."

ஏற்றினேன். தள்ள முடியவில்லை. விரல் வலித்தது.

"மறுமுனை."

தண்ணீர் சர்ரென்று ஓடியது.

"இப்போ சத்தமாச் சொல்லு. எல்லாருக்கும் கேட்கணும்."

"இதுதான் கீழ்முனை சார். இது மேலே வரணும்." கடைசி ஆள்வரை கேட்கும்படிதான் சொன்னேன்.

சிரையின் முதுகில் நெடுக ஊதா மையால் ஒரு கோடு போடச் சொன்னார். முறுக்கிக்கொண்டால் கோடு காட்டிக் கொடுத்துவிடும். பிறகு காலை நீட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, நீட்டும்போது இழுபடாமலும் மடக்கும்போது மடிப்பு விழாமலும் நீளத்தை வெட்டினார். மறுபடியும் மூன்று தையல், முக்கோணம், எண்ணெய் நூல். இந்தத் தடவை அவர் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கவ்விகளை எடுத்தார். சிரை மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் நிரம்பியது. ஊசித் துளைகளில் ரத்தம் கசிந்தது. உடனே கூடுதல் தையலுக்கு ஊசியை நீட்டப் போனேன். அவர் துணியை வைத்து ஐந்து நிமிஷம் கடிகாரம் பார்த்து அமுக்கினார். நின்றுவிட்டது. நான் விரிப்புக்கு அடியில் கையை விட்டு சூசையின் பாதத்தைப் பிடித்தேன். சில்லென்றிருந்த பாதத்தில் ஓரிடத்தில், குருவிக்குஞ்சின் நெஞ்சுபோல, ஏதோ தட்டியது.

"வருது சார்" என்றேன்.

கெண்டைக்கால் தசை வீங்கி உள்ளிருந்தே ரத்தத்தை அமுக்கிவிடும் என்று தசையைச் சுற்றியிருக்கும் உறையையும் நீளவாக்கில் பிளந்துவிட்டுத்தான் அவர் கையுறையைக் கழற்றினார்.

சாயங்காலம் அறுவைக் குறிப்பு எழுதும்போது பக்கத்தில் நின்றேன். 'சிரை தவறான திசையில் வைக்கப்பட்டது. தைக்கும் முன் அறுவை செய்பவர் சோதிக்கவில்லை' என்று எழுதினார்.

"சார், தப்பு என்னுது."

"முடிச்சு நழுவினது உன்னுது. சொல்லாம இருந்தது உன்னுது. ஒரு ஊசித் தண்ணி ஏத்திப் பார்க்காம தைச்சது என்னுது. மூணுல பெரிசு எதுவோ அதைத்தான் எழுதியிருக்கேன்." பேனாவை மூடினார். "இன்னொண்ணு எழுதல. நீ கத்தரியைக் கொடுத்திருந்தா நான் கீழ்த் தையலைப் பிரிச்சு, கட்டி தேடி, திரும்பவும் அதையே தைச்சிருப்பேன். மணி ரெண்டாயிருக்கும்."

அன்றிலிருந்து எங்கள் தியேட்டரில் எந்தச் சிரையும் ஊசித் தண்ணீர் ஓடாமல் தைக்கப்பட்டதில்லை. எந்த முனை என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்வாள், டாக்டர் அதைத் திருப்பிச் சொல்வார்.

கால் மணிக்கு ஒரு தடவை பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு இருக்கிறதா, நகத்தை அமுக்கிவிட்டால் சிவப்பு திரும்புகிறதா, நாடி தட்டுகிறதா. முதல் மூன்று நாளும் பெரும்பாலும் நானே பார்த்தேன். சூசைக்கு முதலில் பயம், பிறகு கூச்சம், அப்புறம் சிரிப்பு. "எனக்குக் கல்யாணத்தன்னைக்குக்கூட யாரும் இப்படிக் காலைத் தொட்டதில்ல சிஸ்டர்" என்பார். மூன்றாம் நாள் கட்டைவிரலை அசைத்துக் காட்டினார். அவர் மனைவி அந்த விரலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அழுதாள்.

மரியபுஷ்பம் மீன் விற்றுவிட்டுத் தினமும் வந்துவிடுவாள். கட்டில் ஓரமாக வந்து நின்று, "ஏலே, என் காலு எப்படி இருக்கு?" என்று அதட்டுவாள்.

"என் காலு நல்லாருக்கு" என்பார் சூசை.

"ஒரு மணி நேரம் நான் பிடிச்சிருந்தேன். உன் காலுன்னு எப்படிச் சொல்லுத?" வார்டே சிரிக்கும்.

எனக்கு மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் நாளில் சூசையிடம் சொல்லிவிட்டேன். நூல் கழன்றது, தெரியாமல் கொடுத்தது, வலது காலில் தழும்பு அவ்வளவு நீளமாக ஓடுவதற்கு நான்தான் காரணம் என்பது, எல்லாம்.

அவர் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொறவு நீங்களேதான் சொன்னியளா?"

"ஆமா."

"யாரும் கண்டுபிடிக்கலயே?"

"இல்ல."

"அப்ப சரி" என்றார். "நாளைக்கு என் பிள்ளைக்கு ஏதாச்சும்னாலும் உங்ககிட்டதான் கொண்டாருவேன்." அவ்வளவுதான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, விந்தி விந்தி, கீழவைப்பார் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த நற்சான்றிதழை அதன் பிறகு எந்த மேலதிகாரியும் கொடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்குக் கடலில் முங்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. வருஷம் முடிந்த வாரத்திலேயே சூசை வந்து நின்றார். "சங்கு குளிக்கப் போறேன் சார். நீங்களும் சிஸ்டரும் வந்து பாத்தாத்தான் எனக்குத் தைரியம்."

டாக்டர் அதுவரை படகில் கால் வைத்ததில்லை. பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழவைப்பார்க் கரையில் வள்ளத்தில் ஏறினார். அரை மணியில் முகம் பச்சையாகிவிட்டது. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டதற்கு, கையை அசைத்து வேண்டாம் என்றார்.

சூசை பாதங்களில் தகடு கட்டிக்கொண்டார், நீந்த வாகாக. சிலுவை போட்டுக்கொண்டு குதித்தார். தண்ணீர் மூடிக்கொண்டது. எனக்குத் தெரியாமலேயே எண்ண ஆரம்பித்திருந்தேன். நாற்பது. ஐம்பது. டாக்டர் வாந்தியை மறந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியதும் நான் எண்ணுவதை நிறுத்தி ஜெபத்துக்குப் போய்விட்டேன்.

சற்றுத் தள்ளித் தலை தெரிந்தது. ஒரு கையில் சங்கு. நீந்திக்கொண்டு வள்ளத்தின் பக்கத்தில் வந்து, சங்கை உள்ளே போட்டுவிட்டு, மல்லாந்து மிதந்தார். இடது காலின் தகட்டை உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி விளிம்பின் மேல் வைத்தார்.

"பாருங்க சார், ஓடுதா?"

டாக்டர் குனிந்து அந்த ஈரப் பாதத்தின் மேல் மூன்று விரல்களை வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். வள்ளம் ஏறி இறங்கியது. நான் காத்திருந்தேன். நிமிஷம் கடந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"சார், நானும் பாக்கணும்" என்றேன்.

"இரு கிரேஸ்" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம்."